பூங்காவுக்குக் கீழே எங்கள் தெரு

எங்கள் தெருவில் மழை வருவதற்கு ஒரு மாதம் முன்பே மழைக்காலம் தொடங்கிவிடும். அப்பா குடைகளுக்கு எண்ணெய் பூச உட்காருவார். மூங்கிலைப் பிளந்து, குச்சிகளாகச் சீவி, நூல் கோத்துக் கட்டி, அதன்மேல் கெட்டியான காகிதத்தை ஒட்டி முடிக்கவே பல நாள் ஆகும். எண்ணெய் தேய்த்த குடைகளை ஆற்றங்கரைக் கல்படிகளில் விரித்து வைப்பார். சிவப்பு, கருநீலம், மஞ்சள் என்று படிதோறும் குடைகள் வெயில் காயும். காற்று அடித்தால் பிடித்துக்கொள்வது என் வேலை. ஓடிய குடையைத் துரத்தி ஆற்றில் விழுந்து நனைந்து வந்தால், அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டுவாள். அப்பா குடையைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்பார்.

ஹிரோஷிமா கழிமுகத்து ஊர். ஓட்டா ஆறு அப்போது ஏழு கிளைகளாகப் பிரிந்து கடலில் சேர்ந்தது. அதில் மொட்டோயாசு, ஹொன்காவா என்ற இரண்டு கிளைகளுக்கு நடுவே கிடந்த துண்டு நிலம்தான் நகாஜிமா. வடமுனையில், அயோய் பாலத்துக்குப் பக்கத்தில், எங்கள் தெரு. டோஃபு கடை, மரச்செருப்புக் கடை, முடிதிருத்தும் கடை, பொதுக் குளியலறை, விடுதிகள், சினிமாக் கொட்டகை என்று நெருக்கியடித்த இடம். கடல் ஏறும் வேளையில் ஆறும் ஏறும். இறங்கும் வேளையில் படிக்குக் கீழே மணல் தெரியும், கிளிஞ்சல் பொறுக்குவோம். எதிர்க்கரையில் பச்சைக் கூரை கவிந்த பெரிய மாளிகை. செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்து 1915இல் கட்டி முடித்தது. உள்நாட்டுப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் இடம் என்பதெல்லாம் பெரியவர்களுக்கு. எங்களுக்கு அதன் மாடிப்படிக் கைப்பிடி. காவலாளி திரும்புவதற்குள் மேலிருந்து கீழே வரை சறுக்கிவிட வேண்டும். இன்று உலகம் முழுக்கப் படத்தில் பார்க்கிற எலும்புக்கூட்டுக் குவிமாடம் அந்த மாளிகையினுடையது. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கைப்பிடியைத்தான் தேடுகிறது.

நான் 1935இல் பிறந்தவள். நினைவு தெரிந்த நாள் முதல் போர் நடந்துகொண்டுதான் இருந்தது. ஊரின் தெற்கே உஜினா துறைமுகத்திலிருந்து சிப்பாய்கள் கப்பலேறிப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் கையில் காகிதக் கொடி கொடுத்து வரிசையில் நிறுத்துவார்கள். போகிறவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியாகத் திரும்பி வருபவர்களுக்கும் அதே வரிசையில் நின்று தலை குனிவோம். போர் என்றால் ஒரு கெட்ட காரியம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றாகப் பொருள்கள் வீட்டை விட்டுப் போவதில்தான் எனக்கு அது தெரிந்தது. முதலில் சர்க்கரை போயிற்று. அப்புறம் இரும்பு. சமையல் பாத்திரம், கதவுக் கொக்கி, கோயில் மணி, கடைத்தெருவின் அலங்கார விளக்குக் கம்பங்கள் எல்லாவற்றையும் பீரங்கிக்கும் கப்பலுக்கும் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அப்பாவின் மூங்கில் பிளக்கும் கத்திகளில் ஒன்று மட்டும் வீட்டில் தங்கியது. பிறகு காகிதம் நின்றது. ராட்சத பலூன்களில் குண்டு கட்டிப் பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்கு அனுப்ப ராணுவம் திட்டமிட்டது. அந்தப் பலூன்களுக்கு எங்கள் குடைக் காகிதத்தின் உறவான கைக்காகிதம்தான் வேண்டியிருந்தது. பள்ளிப் பெண்களை உட்காரவைத்துப் பசை தடவி ஒட்டவைத்தார்கள். கடைசி இரண்டு வருஷம் அப்பா பழைய குடைகளுக்கு ஒட்டுப் போட்டுக் காலம் தள்ளினார்.

அரிசி ரேஷன் ஆளுக்கு ஒரு நாளைக்கு 330 கிராம் என்று ஆரம்பித்தது. கணக்கில் அது அப்படியே இருந்தது. பையில்தான் மாறிக்கொண்டே வந்தது. அரிசிக்குப் பதில் வாற்கோதுமை, அதற்குப் பதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அதற்கும் பதில் எண்ணெய் பிழிந்த சோயாப் புண்ணாக்கு. 1945 ஜூலையில் அந்த அளவையும் குறைத்தார்கள். வெற்றி கிடைக்கும் வரை எதுவும் வேண்டோம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. பள்ளியில் அதைச் சேர்ந்து சொல்வோம். சத்தம் போட்டுச் சொன்னால் இன்னும் பசிக்கும்.

மற்ற ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. டோக்கியோ, ஒசாகா, கோபே. பக்கத்துக் கூரே நகரம் ஜூலைத் தொடக்கத்தில் ஒரே இரவில் கருகியது. எங்கள் ஊரை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொள்வார்கள். ஹிரோஷிமாக்காரர்கள் ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் நிறையப் பேர் குடியேறியிருந்தார்கள். அதனால்தான் நம் ஊர்மேல் இரக்கம் என்றாள் குளியலறைக்கார அம்மாள். அமெரிக்க ஜனாதிபதியின் சொந்தக்காரர் யாரோ இங்கே இருக்கிறார் என்றும் பேச்சு. ஒரே ஒரு குண்டு ஒரு முழு நகரத்தை என்ன செய்யும் என்று அளந்து பார்ப்பதற்காக, முன்பே பழுதாகாத ஊராக எங்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். இந்த உண்மையைப் படித்தபோது நான் நடுவயதைத் தாண்டியிருந்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கிணற்றடியில் நின்று நன்றி சொன்ன அந்தப் பெண்களின் முகம் வந்துகொண்டே இருந்தது.

ஆனாலும் தீக்குண்டு வரும் என்று அரசாங்கம் எதிர்பார்த்தது. 1945 ஏப்ரலில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மலைப்பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் ஆசிரியரோடு மொத்தமாகக் கோயில்களுக்கு. பெரியப்பா தீவுப் பக்கம் கிழங்கு பயிரிட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் ஏற்கெனவே எட்டு வாய். ஆகவே நான் பள்ளிக் கூட்டத்தோடு வடக்கே மியோஷிப் பக்கம் போவது என்று முடிவானது. அக்கா நகராட்சிப் பெண்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு வயது கடந்துவிட்டது. தம்பிக்கு மூன்று வயது, இன்னும் வரவில்லை. நடுவில் இருந்த நான் மட்டும் அந்தக் கணக்குக்குள் விழுந்தேன்.

ரயில் நிலையத்தில் அம்மா என் கையில் ஐந்து துணிப் பைகளைக் கொடுத்தாள். அம்மானை ஆடும் பைகள். தன் பழைய கிமோனோவின் ஓரத்தை வெட்டித் தைத்திருந்தாள். தின்பண்டம் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று பள்ளியில் கண்டிப்பு. ஆசிரியர் காதில் விழும்படி அம்மா சொன்னாள்: "ரொம்பப் பசித்தால் இதை எடுத்து விளையாடு." பசிக்கும்போது யாராவது விளையாடுவார்களா என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

கோயில் மலையடிவாரத்தில் இருந்தது. பெரிய கூடத்தில் தத்தாமிப் பாய்மேல் வரிசையாகப் படுக்கை. காலையில் முதலில் அரண்மனை இருக்கும் திசை பார்த்து வணங்குவோம். அடுத்து ஹிரோஷிமா இருக்கும் திசை திரும்பி, அம்மா அப்பா வணக்கம் என்போம். இரவில் யாராவது ஒரு பிள்ளை போர்வைக்குள் மூக்கை உறிஞ்சும். அடுத்த பாயில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க அழும். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் வீடு வந்துவிடும் என்று இரண்டு பையன்கள் கிளம்பிப் போனார்கள். சாயங்காலமே பிடித்து வந்துவிட்டார்கள். வீட்டுக்கு எழுதும் அஞ்சலட்டையை ஆசிரியர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். ஆகவே எல்லோரும் ஒன்றையே எழுதினோம். நலமாக இருக்கிறேன், கிராமத்தார் அன்பாக இருக்கிறார்கள், நிறையச் சாப்பிடுகிறேன்.

சாப்பாடு கஞ்சி. கிழங்குத் தண்டும் பூசணித் தோலும் மிதக்கும். அரிசியைத் தேட வேண்டும். தினமும் வேலை உண்டு. விமானத்துக்கு எண்ணெய் எடுக்க வேண்டும் என்று பைன் மர வேர்களைத் தோண்டச் சொல்வார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் மண்வெட்டியைத் தூக்குவதற்குள் மூச்சு வாங்கும். வழியில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போனது: புளிப்புத் தண்டு, வயலில் பிடித்து வறுத்த வெட்டுக்கிளி. பல்பொடி லேசாக இனிக்கும் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். ஒரு வாரத்தில் யாரிடமும் பல்பொடி இல்லை. உடம்பெல்லாம் சீலைப்பேன். வெயிலில் சட்டையைக் கழற்றித் தையல் ஓரங்களில் நசுக்குவோம். பெண் பிள்ளைகளின் தலையையும் மழித்துவிட்டார்கள்.

ஜூன் மாதம் ஓர் இரவில்தான் அம்மா சொன்னது எனக்கு விளங்கியது. படுக்கையில் பையை உருட்டிக்கொண்டிருந்தேன். தையல் பிரிந்து ஒரு சோயாப் பருப்பு கையில் விழுந்தது. வாயில் போட்டேன். வறுத்த பருப்பு. பச்சைப் பருப்பைத் தின்றால் வயிறு போகும்; அம்மா அதை எண்ணிப் பார்த்து, நிதானமாக வறுத்து, ஆறவைத்து, பையில் இட்டுத் தைத்திருக்கிறாள். வீட்டில் அன்றைக்கு அவர்கள் நான்கு பேருக்கும் இருந்த பருப்பு அதுவாகத்தான் இருக்கும். போர்வைக்குள் ஒரு நாளைக்கு மூன்று என்று சத்தம் வராமல் மென்றேன். ஒரு பருப்பைப் பல்லுக்கிடையில் வைத்து, ஊறி மாவாகும் வரை கடிக்காமல் இருக்கப் பழகினேன். பக்கத்துப் பாயில் இருந்த பையன் மோப்பம் பிடித்துவிட்டான். அவனுக்கும் ஒன்று கொடுக்கத் தொடங்கினேன். அவன் அப்பா படகுக்காரர். ஊர் திரும்பியதும் என்னைப் படகில் ஏற்றி மியாஜிமாத் தீவுக்கு அழைத்துப் போவதாக அதற்குக் கடன் பத்திரம் எழுதித் தந்தான்.

ஆகஸ்ட் 6 திங்கட்கிழமை. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. வயலில் களை பிடுங்க வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். தெற்கே மலைக்குப் பின்னால் ஏதோ பளிச்சென்றது. வெயில் நேரத்தில் மின்னலா என்று ஒருத்தி கேட்டாள். அதைப் பற்றிப் பேசி முடித்து, மறந்தும் போன பிறகு, தரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு மலை விளிம்புக்கு மேலே வெள்ளை மேகம் ஒன்று எழும்பத் தொடங்கியது. அது நிற்கவேயில்லை. ஓரங்களில் இளஞ்சிவப்பு தெரிந்தது. அழகாக இருந்தது. பார்த்துக்கொண்டு நின்றோம், ஆசிரியர் அதட்டியதும் களை பிடுங்கப் போனோம்.

அன்று காலை ஹிரோஷிமாவில் 7:09க்குச் சங்கு ஊதி, 7:31க்கு அபாயம் நீங்கியதென்று அறிவித்திருக்கிறார்கள். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். 8:15க்கு, ஊரின் நடுவே, தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. எங்கள் வீடு அந்தப் புள்ளியிலிருந்து 300 மீட்டருக்குள். தரையின் வெப்பம் 3,000 டிகிரியைத் தாண்டியது என்று பின்னால் கணக்கிட்டார்கள். அக்கா அன்றைக்கு வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கிறாள். தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்கு, அவள் பள்ளியின் முதலிரண்டு ஆண்டு மாணவிகள் 500க்கும் மேற்பட்டவர்கள் நகாஜிமாவின் தென்பக்கத்தில் நின்று ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மிஞ்சவில்லை. ஊர் முழுவதும் இப்படி வேலைக்கு நிறுத்தப்பட்டு இறந்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். பெரியவர்களின் போருக்கு ஓடு பொறுக்கக் குழந்தைகளைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் எங்கள் நாட்டு அதிகாரிகள். குண்டு போட்டவன்மேல் உள்ள கோபத்தில் இதை நான் மறப்பதில்லை.

இதொன்றும் எங்களுக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் ரயில்கள் வரத் தொடங்கின. கெய்பிப் பாதையில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மியோஷி வரை வந்தன. பிள்ளைகள் ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது என்றார்கள். மறுநாள் நானும் படகுக்காரர் மகனும் போனோம். வேலிக்கு வெளியே நின்றோம். இறக்கி வைத்திருந்தவர்களுக்கு முகம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. கைகளை முன்னால் நீட்டியபடி இருந்தார்கள், தோல் தொங்கியது. தண்ணீர், தண்ணீர் என்ற முனகல். தண்ணீர் கொடுத்தால் செத்துவிடுவார்கள் என்று ஒரு சிப்பாய் தடுத்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவைத் தேடவில்லை. அவர்களில் அம்மா இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். திரும்பி நடக்கையில் அவன் மெதுவாகச் சொன்னான், "எங்கப்பாவுக்கு நல்லா நீச்சல் தெரியும்."

எங்கள் ஆசிரியர் அன்றே நகரத்துக்குக் கிளம்பினார். இளைஞர். நெஞ்சில் பலவீனம் என்று ராணுவம் தள்ளிவிட்டவர். எங்கள் வீட்டு முகவரிகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு போனார். நாள்கணக்கில் அந்தச் சாம்பலில் அலைந்திருக்கிறார். திரும்பி வந்தபோது நோட்டைத் திறக்கவில்லை. இன்னும் தேட வேண்டும், ஊர் பெரியது, என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் எனக்கு அஞ்சலட்டை வந்துவிட்டது. அம்மாவின் கையெழுத்து. அடுத்த வாரம் பார்க்க வருகிறேன், தம்பியையும் கூட்டி வருகிறேன், குளிருக்கு முன் ஒரு பருத்தி மேலங்கி தைத்து முடித்துவிடுவேன், அக்கா வேலையில் கறுத்துப்போய்விட்டாள். கூடம் முழுக்க என்னைச் சுற்றி நின்று அந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தது. அம்மா உயிரோடு இருக்கிறாள், பார், கடிதம் வந்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கும் தேதி பார்க்கத் தோன்றவில்லை. ஆகஸ்ட் 5 என்று ஓரத்தில் அம்மா எழுதியிருந்ததை ஆசிரியர் பார்த்திருப்பார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் தலையில் கை வைத்துவிட்டு நகர்ந்தார்.

15ஆம் தேதி நடுப்பகல் வானொலியில் சக்கரவர்த்தியின் குரல் வந்தது. கரகரப்புக்குள் ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியவில்லை. பெரியவர்கள் அழுததால் அழுதோம். போர் முடிந்ததென்று புரிந்தபோது எல்லோர் மனத்திலும் ஒன்றே ஓடியது: இனி வந்து கூட்டிப் போவார்கள். செப்டம்பரில் சிலருக்கு வந்தார்கள். கை கட்டுப் போட்ட அப்பா, தலையில் முடி இல்லாத சித்தி. வாசலில் நிழல் தெரிந்தால் எல்லோரும் எழுந்திருப்போம். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் உட்காருவோம். பாய்களின் வரிசை குறைந்துகொண்டே வந்தது. ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தது. ஈறில் ரத்தம், உடம்பில் ஊதாப் புள்ளிகள். செப்டம்பர் முடிவதற்குள் இறந்துவிட்டார். அவர் உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. எங்கள் அம்மா அப்பாக்களைத் தேடப் போய் அவர் செத்தார். அவருக்கு நான் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. பத்து வயதில் அது தெரியாது.

செப்டம்பர் 17ஆம் தேதி அடித்த புயலில் ரயில் பாதைகள் அறுந்தன. அது சரியான பிறகுதான் பெரியப்பாவால் வர முடிந்தது. அவர் வாசலில் நின்று என் பெயரைச் சொன்னதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வர வேண்டியவர் அவர் இல்லையே. படகுக்காரர் மகன் வாசல்வரை வந்தான். கடைசிப் பையை அவனிடம் கொடுத்தேன். அவனைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை. அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றுக்கு அனுப்பினார்கள் என்று பின்னால் தெரிந்தது. சில வருஷம் கழித்து ஹிரோஷிமா ஸ்டேஷனில் வெளிநாட்டுச் சிப்பாய்களின் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் பையன்கள் வரிசையில் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து வேகமாகத் தேய்த்தான். நான் கூப்பிடாமல் கடந்தேன். அவன் விரும்பியது அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பெரியப்பாவோடு ஹிரோஷிமாவில் இறங்கியபோது ஸ்டேஷன் வாசலிலிருந்தே கடலில் நினோஷிமாத் தீவு தெரிந்தது. நடுவில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. வழி தெரியாமல் பெரியப்பா திகைத்தார். ஆறுகளை எண்ணிக்கொண்டு நான்தான் அழைத்துப் போனேன். புயல் வெள்ளம் சாம்பலைக் கழுவியிருந்தது. அயோய் பாலத்தைக் கண்டதும் திசை பிடிபட்டது. வீட்டை அடையாளம் காட்டியது வாசலில் இருந்த தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டி. சிமெண்டு காய்வதற்கு முன் அக்கா அதன் ஓரத்தில் அழுத்திய ஐந்து விரல் தடம் இருந்தது. ஓடுகளை விலக்கினோம். சமையலறை இருந்த இடத்தில் தேநீர்க் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. அருகில் பெரிய எலும்பும் மிகச் சிறிய எலும்பும் சேர்ந்திருந்தன. கடை இருந்த முன்பக்கத்தில், மூங்கில் கத்திக்குப் பக்கத்தில், அப்பா. பெரியப்பா தன் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து அதில் எடுத்துக்கொண்டார். அதில் இருந்த கிழங்கை என்னிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். அக்காவின் வேலையிடத்தை மாலைவரை தேடினோம். அவளுடையது என்று எடுத்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை.

பெரியப்பா வீட்டு வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாவது வாயாக இருந்தேன், முடிந்ததைக் கொடுத்தார்கள். பள்ளியில் பாடப் புத்தகத்தின் வரிகளை மை தடவி அழிக்கச் சொன்னார்கள். போரைப் புகழ்ந்த பக்கங்கள் கறுப்பாயின. அந்த வரிகளை மனப்பாடம் செய்யாததற்காக முந்தின வருஷம் அடி வாங்கியவர்கள் நாங்கள். அப்புறம் மதியச் சாப்பாட்டோடு பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றார்கள். முதல் நாள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பசி வென்றது. அந்தப் பால் என் எலும்பை வளர்த்தது என்பதும் உண்மை. அதன் வாடை இன்றும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மை.

1957இல் பாதிக்கப்பட்டவர்களுக்கான மருத்துவச் சட்டம் வந்தது. குண்டு விழுந்தபோது ஊருக்குள் இருந்தவர்கள், இரண்டு வாரத்துக்குள் மையப் பகுதிக்குள் போனவர்கள், காயம்பட்டவர்களைத் தொட்டுக் கவனித்தவர்கள், அவர்களின் வயிற்றில் இருந்த சிசுக்கள் ஆகியோருக்குக் கையேடு உண்டு. இறக்காமல் இருந்திருந்தால் எங்கள் ஆசிரியருக்குக் கிடைத்திருக்கும். எனக்கு இல்லை. நான் வந்தது செப்டம்பர் முடிவில். கதிர்வீச்சு என்னைத் தொடவில்லை. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருஷக் கடைசிக்குள் இறந்த சுமார் 1,40,000 பேரின் கணக்கிலும் நான் இல்லை, பிழைத்தவர்களின் கணக்கிலும் இல்லை. மலைக்கோயில்களில் பாய் விரித்துப் படுத்திருந்து ஒரே காலையில் யாருமற்றுப் போன பிள்ளைகளை எந்த வரிசையில் எழுதுவதென்று யாருக்கும் தெரியவில்லை. எங்களில் பலர் வாய் திறக்காமலே முதுமை அடைந்தோம். உனக்கென்ன, நீ ஊரில் இல்லையே என்று உண்மையில் எரிந்தவர்களே கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது?

நகாஜிமாவில் மறுபடி ஊர் எழவில்லை. கென்ஸோ டாங்கேயின் திட்டப்படி அங்கே அமைதிப் பூங்கா வந்தது. 1955இல் நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். மண்ணைக் கொட்டி மேடாக்கிப் புல் வளர்த்தார்கள். நல்ல பூங்கா. ஒரு நாள் மரநிழலில் உட்கார்ந்திருந்தபோது பள்ளிச் சுற்றுலாவில் வந்த ஒரு சிறுமி, "நல்லவேளை, குண்டு பூங்காமேல் விழுந்திருக்கிறது" என்று தோழியிடம் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளைக் கூப்பிட்டு, அவள் நின்ற இடத்தில் டோஃபு கடை இருந்ததென்று சொன்னேன். அன்றிலிருந்துதான் பேச ஆரம்பித்தேன். பல பத்தாண்டு கழித்துத் தோண்டிப் பார்த்தார்கள். சில அடி ஆழத்திலேயே தெரு கிடந்தது. கருகிய தத்தாமியோடு வீட்டுத் தரையே கிடைத்தது. 2022இல் அதன்மேல் சிறு கட்டடம் எழுப்பிக் கண்ணாடி வழியே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு வெகுகாலம் முன்பே, 1960களின் கடைசியில், ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் என்.எச்.கே. ஒலிபரப்பு நிலையத்தாரும் வெடித்த மையத்தைச் சுற்றியிருந்த தெருக்களின் வரைபடத்தை மீட்க முனைந்தார்கள். வீட்டுக்கு வீடு யார் இருந்தார்கள், எத்தனை பேர், அன்று எங்கே போனார்கள். பழைய தெருக்காரர்களை ஊர் ஊராகத் தேடினார்கள். எங்கள் தெருவுக்கு என்று ஒரு கூட்டம் கூடியது. பெரும்பாலும் என்னைப் போல அன்று வெளியூரில் இருந்தவர்கள். மேஜைமேல் பெரிய தாளில் கட்டங்கள். முடிதிருத்தும் கடைக்கு இந்தப் பக்கம் குளியலறையா அந்தப் பக்கமா என்று இரண்டு பேர் மதியம்வரை சண்டை போட்டார்கள். அப்படி ஒரு சண்டையை அதற்கு முன்னும் பின்னும் நான் ரசித்ததில்லை. செருப்புக் கடைக்காரரின் பிள்ளைகள் எத்தனை, மூத்தவனுக்குக் காது கேட்காதல்லவா, சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர் யார் என்று ஆளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் கட்டத்தில் என் கையால் நான்கு பெயர்களை எழுதினேன்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அங்கே இருந்தவர்கள், அவர்களைத் தெரிந்தவர்கள், எல்லோரும் போய்விட்டார்கள். பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சுவரோரம் ஓர் அத்தி மரம் இருந்தது வந்தது. ராணுவச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். எங்களைக் கண்டால் ஊசியில் நூல் கோக்கக் கூப்பிடுவாள். கோத்துக் கொடுத்தால் ஓர் அத்திப்பழம். கூடவே மெலிந்த ஒரு பேரன், என் தம்பியைவிடக் கொஞ்சம் பெரியவன். பெயர் இல்லாமல் எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார்கள். பொத்தான் தைக்கும் பாட்டி, பேரன், அத்தி மரம் என்று அந்தக் கட்டத்தில் எழுதினேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இளைஞர் அதைப் படித்துவிட்டு, பேரனுக்கு எத்தனை வயதிருக்கும் என்று கேட்டார். நான்கு என்றேன். குறித்துக்கொண்டார்.